பாட்டி வேண்டாம் என்றதைப் பேத்தி கேட்டாள்

சட்டசபையில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு உரிமையா, அவமானமா? இந்தியப் பெண் தலைவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் நடத்திவந்த வாக்குவாதம்

1971-ம் ஆண்டு. கான்பூரிலிருந்து ஒரு பெண் டாக்டர் மருந்துகளையும் துணிமணிகளையும் எடுத்துக்கொண்டு கல்கத்தாவுக்குக் கிளம்பினார். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த நேரம். டாக்டர்கள் வேண்டும், மருந்து வேண்டும் என்று ஜோதிபாசு விடுத்திருந்த வேண்டுகோளை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவருடைய மகள். மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்த இருபத்து சொச்சம் வயதுப் பெண். எல்லையோர முகாம்களில் ஐந்து வாரம் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பிய அம்மா, தானும் அதே கட்சியில் சேர விண்ணப்பம் கொடுத்தார்.

மகள் சொல்லித் தாய் கட்சியில் சேருவது நம் ஊரில் தினமும் நடக்கிற விஷயமல்ல. அதிலும் இந்தத் தாய் பிறர் சொல்லிக் கேட்டுப் பழகியவரும் அல்ல. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி அவர். சென்னையில் எம்.பி.பி.எஸ். படித்த அந்த டாக்டரின் கீழ் துப்பாக்கி ஏந்தியவர்களில் பெரும்பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். மகள், பின்னாளில் கான்பூர் எம்.பி.யான சுபாஷினி அலி.

இவர்கள் இருவருக்கும் முன்னால் ஒரு பாட்டி இருக்கிறார். அம்மு சுவாமிநாதன். பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையில் 1894-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போய்ப் படிக்காதவர். தன்னைவிட மிகவும் மூத்த சுப்பராம சுவாமிநாதன் பெண் கேட்டு வந்தபோது, பதின்மூன்று வயதுச் சிறுமி நிபந்தனைகள் போட்டதாகக் குடும்பத்தில் கதை உண்டு. பட்டணத்தில் வைத்து வாழ வேண்டும். இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும். வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று தன்னை யாரும் கேட்கக்கூடாது, ஏனென்றால் தன் அண்ணன்மாரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் சென்னையில் மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவராகி, 1942-ல் சிறை சென்று, அரசியல் நிர்ணய சபைக்குப் போய், 1952-ல் திண்டுக்கல்லிலிருந்து லோக்சபாவுக்கும் போனார்.

மூன்று தலைமுறையும் பெண்ணுரிமை பேசியவைதான். ஆனால் ஒரு கேள்வியில் பாட்டியின் தலைமுறையும் பேத்தியின் தலைமுறையும் நேர் எதிர். சட்டசபைகளிலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கென்று இடம் ஒதுக்க வேண்டுமா? பாட்டியின் தலைமுறை கூடவே கூடாது என்றது. பேத்தியின் தலைமுறை அதற்காகத் தெருவில் இறங்கியது. ஒரு குடும்பத்துக் கதை அல்ல இது. இந்தியப் பெண் இயக்கம் முழுவதும் இந்த இடத்தில்தான் திரும்பி நின்றது. எப்படி நேர்ந்தது?

தொடக்கம் சென்னையில். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவானது. அதே ஆண்டு டிசம்பரில், அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க இந்தியாவுக்கு வந்த மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு மாதர் தூதுக்குழு சென்னையில் சந்தித்தது. ஆண்களுக்கு என்ன நிபந்தனையோ அதே நிபந்தனையில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்பது கோரிக்கை. 1921-ல் பெண்களுக்கு முதலில் ஓட்டுக் கொடுத்தது சென்னை மாகாணம்தான். சில ஆண்டுகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் நுழைந்து துணைத் தலைவராகவும் ஆனார். அவர் தேர்தலில் நின்று வந்தவரல்ல, நியமனத்தில் வந்தவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த நாட்களில் நியமன இடம் கேட்பதை மாதர் சங்கம் இழிவாக எண்ணவில்லை.

1930-ல் நிலைமை மாறியது. லண்டனில் நடந்த முதல் வட்டமேஜை மாநாட்டுக்கு இரண்டு பெண்கள் போனார்கள். ஒருவர் பஞ்சாபின் பேகம் ஷா நவாஸ். இன்னொருவர் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து ராதாபாய் சுப்பராயன். தனி இடம் இல்லாவிட்டால் பெண்கள் உள்ளேயே வர முடியாது, ஆரம்பத்தில் சில தேர்தல்களுக்காவது ஒதுக்கீடு தேவை என்று இருவரும் வாதாடினார்கள். காங்கிரஸ் புறக்கணித்த மாநாடு அது. இங்கே உப்பு சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சிறை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் சாதிக்கும் மதத்துக்கும் இடம் பிரித்துக் கொடுத்து நாட்டைத் துண்டு போடுகிறான், அந்த வரிசையில் பெண்களும் போய்க் கையேந்துவதா என்ற கோபம் மாதர் அமைப்புகளில் எழுந்தது.

1933-ல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் கமிட்டி முன்பு சாட்சி சொல்ல ராஜகுமாரி அம்ருத் கௌர், ஷரீபா ஹமீத் அலி, முத்துலட்சுமி ரெட்டி மூவரும் சென்றார்கள். மூன்று பெரிய அகில இந்திய மாதர் அமைப்புகளின் குரலாக. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும்; சொத்துக்காரரின் மனைவி என்ற தகுதியில் வரும் ஓட்டு வேண்டாம்; தனி இடம் வேண்டவே வேண்டாம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் ஒன்றாக நின்று சொன்ன வார்த்தை அது. பிரிட்டிஷ் அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1935-ம் ஆண்டுச் சட்டத்தில் மாகாண சட்டசபைகளில் பெண்களுக்கு 41 இடங்களை ஒதுக்கியது, அதையும் மத வாரியாகப் பிரித்து. கேட்டவர்களின் பேச்சை ஏற்று, அதையும் கேட்டவர்கள் நினைக்காத விதத்தில் கொடுத்தது.

தனி இடம் கேட்ட ராதாபாய்க்கு நேர்ந்தது வேறு. 1938-ல் பொது இடத்திலிருந்தே டில்லி மேல்சபைக்குத் தேர்வானார். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் ஆகிக் கோவையின் எம்.பி.யாக இருந்தார். பேத்தி லலிதா குமாரமங்கலம் பா.ஜ.க.வில் சேர்ந்து 2014-ல் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவரானார். மூன்று தலைமுறை, மூன்று கட்சிக் கொடி.

சுதந்திரம் வந்தபோது 'சலுகை வேண்டாம்' என்பது கிட்டத்தட்ட வேதவாக்காகிவிட்டது. அரசியல் நிர்ணய சபையில் இருந்த பெண்கள் பதினைந்து பேர். மாதர் அமைப்புகள் ஒருபோதும் தனி இடமோ ஒதுக்கீடோ கேட்டதில்லை, சமூக, பொருளாதார, அரசியல் நீதியைத்தான் கேட்டோம் என்று 1946 டிசம்பரிலேயே பேசினார் ஹன்சா மேத்தா. ரேணுகா ராய் 1947 ஜூலையில் இன்னும் காரமாகப் பேசினார். இட ஒதுக்கீடு பெண்களின் வளர்ச்சிக்கே தடை, எங்கள் அறிவுக்கும் திறமைக்கும் அவமானம் என்பது அவர் கட்சி. சுதந்திர இந்தியாவில் தகுதியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போது பெண்கள் தானாக முன்னுக்கு வருவார்கள் என்று நம்பினார். அம்மு சுவாமிநாதன் 1949 நவம்பரில், இந்தியா தன் பெண்களுக்குச் சம உரிமை தரவில்லை என்று வெளிநாட்டார் சொல்லி வந்தார்களே, இதோ நம் மக்களே எழுதிய சாசனத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று பெருமைப்பட்டார். கைப்பையில் வைத்துக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன், இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்று குறைப்பட்டதும் அதே பேச்சில்தான்.

இன்றைக்கு அதைப் படித்துவிட்டு, மேட்டுக்குடிப் பெண்கள், அவர்களுக்கென்ன தெரியும் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நியாயமல்ல. அவர்கள் ஜெயிலுக்குப் போனவர்கள். மாமியார் முகம் சுளிக்க, சொந்தக்காரர்கள் தூற்ற, மேடை ஏறியவர்கள். யாரும் கொடுத்து வாங்காமல் தாங்களே வந்தோம் என்ற ரோஷம் அவர்களுக்கு இருந்தது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில் ஒதுக்கீடு என்ற சொல்லே தனித் தொகுதியை நினைவுபடுத்தியது. ஆனால் ஓர் இடத்தில் அவர்கள் கணக்குத் தப்பியது. தாங்கள் வந்த வழியில் எல்லாப் பெண்களும் வந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். பின்னால் படித்த குடும்பம், ஒத்துழைக்கும் கணவர், தூக்கிவிட ஒரு தேசிய இயக்கம் எல்லாம் தங்களுக்கு இருந்தன என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தச் சபையில் ஒரே ஒரு தலித் பெண் இருந்தார். கொச்சியின் தாட்சாயணி வேலாயுதன். பெண் உறுப்பினர்களில் மிக இளையவர், முப்பத்து நான்கு வயது. புலையர் குலத்தில் பிறந்து பட்டம் பெற்றவர். தனித் தொகுதி முறையை அவரும் எதிர்த்தார். காரணம் மட்டும் வேறு. தீண்டத்தகாதவர் என்ற முத்திரையை நிரந்தரமாக்கும் எதுவும் கூடாது என்பது அவர் நிலை. 'வேண்டாம்' என்று சொன்ன எல்லோரும் ஒரே இடத்தில் நின்று சொல்லவில்லை.

பிறகு இருபது ஆண்டுகள் ஒரு மௌனம். சட்டத்தில் சமத்துவம் இருக்கிறது, ஒரு பெண் பிரதமராகவும் ஆகிவிட்டார், இனி என்ன என்ற நிம்மதி. அதைக் கலைத்தது ஓர் அரசாங்க ரிப்போர்ட்.

1971-ல் மத்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. தலைவர் புல்ரேணு குஹா, சுதந்திரப் போராட்டக் காலத்தவர். பாதி வழியில் உறுப்பினர் செயலராக வந்து சேர்ந்தவர் வீணா மஜும்தார். 1927-ல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, அரசியல் விஞ்ஞானம் கற்பித்தவர். இன்னொரு உறுப்பினர் டில்லிப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை லோதிகா சர்க்கார். 1974-ன் கடைசி நாளில் 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கை அரசிடம் போனது. அதில் இருந்த ஒரு கணக்கு பலரைத் தூக்கிவாரிப் போட்டது. 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள். 1971-ல் 930. எழுபது ஆண்டுகளில், அதிலும் சுதந்திரம் வந்த பிறகும், பெண்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். வேலையிலும் அரசியலிலும் அவர்கள் பங்கு ஏறவில்லை.

வீணாவும் லோதிகாவும் சமத்துவ ஷரத்தின் செல்லப் பிள்ளைகள். படிப்பு, உத்தியோகம், கௌரவம் எல்லாம் கிடைத்தவர்கள். தங்களைப் பார்த்தே நாட்டின் பெண்களை எடைபோட்டு வந்தோம் என்பது ஊர் ஊராகப் போய்க் கேட்டபோது அவர்களுக்கு உறைத்தது. இட ஒதுக்கீடு விஷயத்தில் கமிட்டியின் பெரும்பான்மை பழைய பல்லவியையே பாடியது. கிராம அளவில் பெண்களுக்கெனப் பஞ்சாயத்து அமைக்கலாம், சட்டசபைகளில் ஒதுக்கீடு வேண்டாம் என்றது. வீணாவும் லோதிகாவும் மாற்றுக் குறிப்பு எழுதினார்கள். தாங்களும் ஒரு காலத்தில் ஒதுக்கீட்டைப் பிற்போக்கு என்று எண்ணியவர்களே என்பதை மறைக்கவில்லை. சமத்துவம் என்ற கொள்கை நடைமுறையில் ஒரு சிறு கூட்டத்துக்குத்தான் பயன்பட்டது, கட்சிகள் பெண்களை நிறுத்தப்போவதில்லை, சபையில் எண்ணிக்கை பெருகினால்தான் ஒப்புக்கு ஒரு பெண் என்ற நிலை போகும் என்பது அவர்கள் வாதம்.

மூத்தவர்கள் கட்டிய கோட்டையை எதிர்த்து எழுதுவது சுலபமான காரியமல்ல. அந்தத் தலைவிகளிடம் வளர்ந்த பெண்கள் இவர்கள். இரண்டு பேரின் குறிப்பு அன்று தோற்றுப்போனது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்ததற்கெல்லாம் விதை அதில் இருந்தது. 1980-ல் மகளிர் வளர்ச்சி ஆய்வு மையம் டில்லியில் தொடங்கியபோது வீணா அதன் தலைமையில் இருந்தார். மேற்கு வங்காளத்தின் பாங்குராவில், பஞ்சம் பிழைக்க ஊர் ஊராகப் போய்வந்த ஆதிவாசிப் பெண்களோடு அந்த மையம் வேலை செய்தது. தரிசில் மரம் வளர்த்து டஸ்ஸர் பட்டுப்புழு வளர்க்கும் சங்கங்களை அந்தப் பெண்கள் அமைத்தார்கள். தெற்காசியாவில் மகளிர் ஆய்வுக்குப் பாட்டி என்று தன்னைக் கேலியாகச் சொல்லிக்கொண்ட வீணா, தனக்குப் பாடம் சொன்னவர்களாகக் கருதியது இந்தப் பெண்களை. 2013-ல் இறக்கும் வரை இளையவர்களோடு சண்டை போடுவதையும் அவர் நிறுத்தவில்லை.

அதே காலத்தில் இன்னொரு வழியிலும் தலைவிகள் வந்துகொண்டிருந்தார்கள். 1981-ல் சென்னையில் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது கேப்டன் லட்சுமி அதை நிறுவியவர்களில் ஒருவர். இன்னொருவர் பாப்பா உமாநாத். இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் சென்னை வக்கீல் வீட்டுப் பெண். மற்றவர், கணவனை இழந்து பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்த ஒரு தாயின் மகள். தொழிலாளர் போராட்டத்தில் தாயும் மகளும் சேர்ந்தே இறங்கினார்கள். சேர்ந்தே சிறைப்பட்டார்கள். 1950-ல் சைதாப்பேட்டைச் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது தாய் இறந்துபோனார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக்கொடுத்தால் உடலைப் பார்க்கலாம் என்றார்கள். மகள் எழுதிக்கொடுக்கவில்லை, தாய் முகத்தைப் பார்க்கவும் இல்லை. 1989-ல் அவர் திருவெறும்பூர் எம்.எல்.ஏ. ஆனார். அவர் மகள் உ. வாசுகியும் மாதர் சங்கத் தலைவி. இந்த வம்சத்துப் பெண்களிடம் போய், ஒதுக்கீடு உங்கள் தகுதிக்கு இழுக்கில்லையா என்று கேட்டுப் பார்த்தால் தெரியும், அந்தக் கேள்வி எந்த வீட்டுக் கூடத்திலிருந்து வந்தது என்று.

பஞ்சாயத்துக்குத்தான் முதலில் கதவு திறந்தது. கர்நாடகம் 1983-லேயே உள்ளாட்சியில் நான்கில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் போட்டு, 1987-ல் தேர்தலும் நடத்திவிட்டது. 1988-ல் மத்திய அரசின் மகளிர் தொலைநோக்குத் திட்டம் 30 சதவீதம் என்றது. 1993 ஏப்ரலில் 73-வது சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்கு. 2006-ல் பீகார் அதைப் பாதியாக உயர்த்தியது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. உள்ளாட்சிகளில் பெண் பிரதிநிதிகள் சுமார் 14 லட்சம் பேர் என்று பின்னர் அரசு கணக்குச் சொன்னது. உலகில் வேறெங்கும் இப்படி ஒரு கூட்டம் இல்லை.

உடனே மூத்தவர்கள் பக்கத்து வாதம் உயிர்பெற்றது. நாற்காலியில் மனைவி, கையெழுத்து கணவனுடையது. வடக்கே அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், 'சர்பஞ்ச் பதி', 'பிரதான் பதி' என்று. தலைவியின் புருஷன் என்பதே ஒரு பதவி. நம் ஊரிலும் கூட்டத்துக்குத் தலைவி வர மாட்டார், தலைவியின் வீட்டுக்காரர் வருவார். சொன்னோமே, கொடுத்து வாங்கியது நிலைக்காது என்று பாட்டிமார் சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருந்தால் பாதிதான் சரி. மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் 265 பஞ்சாயத்துகளை ஆராய்ந்து ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, தலைவி இருக்கும் பஞ்சாயத்தில் குடிநீருக்கு அதிகம் செலவாகிறது என்று காட்டியது. குடிநீர்தான் அந்த ஊர்ப் பெண்கள் அதிகம் முறையிட்ட விஷயமும். புருஷன் பக்கத்தில் நின்றாலும் குழாய் போட வேண்டிய இடம் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைவிட முக்கியமானது 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு. மேற்கு வங்காளத்தில் 495 கிராமங்கள், பதினொன்றிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா. மகனை இவ்வளவு படிக்க வைக்க வேண்டும், மகளை இவ்வளவு என்று பெற்றோர் வைத்திருக்கும் ஆசையில் எப்போதும் ஒரு பள்ளம் உண்டு. இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவருக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் அந்தப் பள்ளம் கால் பங்கு தூர்ந்திருந்தது. பிள்ளைகளின் சொந்த ஆசைகளில் 32 சதவீதம். படிப்பில் பையனுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி மறைந்தே போயிருந்தது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவழிக்கும் நேரமும் குறைந்திருந்தது. அந்த ஊர்களில் பெண்களுக்குப் புதிதாக வேலை வாய்ப்பு ஒன்றும் வந்துவிடவில்லை. ஒரு பெண் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை மட்டும் ஒதுக்கப்பட்ட ஊர்களில் இந்த மாற்றம் வரவில்லை. இரண்டு முறை தேவைப்பட்டது.

பஞ்சாயத்தோடு நின்றிருந்தால் டில்லியில் யாருக்கும் தூக்கம் கெட்டிருக்காது. 1996 செப்டம்பரில் தேவ கௌடா அரசு நாடாளுமன்றத்திலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. கீதா முகர்ஜி தலைமையில் கூட்டுக் கமிட்டி அதை மூன்றே மாதத்தில் பரிசீலித்துத் திருப்பித் தந்தது. பிறகு பதினான்கு வருடம் கூத்து. தலைமுடி வெட்டிக்கொண்ட பெண்களுக்கான மசோதா என்றார் சரத் யாதவ். 1998 ஜூலையில் சட்ட அமைச்சராக இருந்த நம் தம்பிதுரை மசோதாவைக் கொண்டுவர எழுந்தபோது, ராஷ்ட்ரிய ஜனதா தள உறுப்பினர் ஒருவர் சபாநாயகர் மேஜையிலிருந்து காகிதங்களைப் பறித்தார். கீதா முகர்ஜி 2000-ல் காலமானார்.

ஆண்களின் கூச்சலில் பெண்களுக்கு நடுவே எழுந்த கேள்வி ஒன்று அமுங்கிப்போனது. மூன்றில் ஒரு பங்கு சரி, எந்தப் பெண்ணுக்கு? பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு இல்லாவிட்டால் எல்லா இடமும் பெரிய வீட்டுப் பெண்களுக்கே போய்விடும் என்று பா.ஜ.க.வுக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார் உமா பாரதி. சென்னையில் பிறந்த ரூத் மனோரமா 1995-ல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பைக் கட்டியவர். சாதி, வர்க்கம், பால் என மூன்று பாரமும் ஒருத்தியின் தலைமேல் இருக்கும்போது, பெண்கள் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பது அவர் எழுப்பிய கேள்வி. வீணா தன் மூத்தவர்களைப் பார்த்துக் கேட்டதும் இதேதான், சொற்கள்தான் வேறு. இப்போது கேள்வி வீணாவின் தலைமுறையை நோக்கித் திரும்பியது. தாட்சாயணியின் மகள் மீரா வேலாயுதன் ஆய்வாளராகி, தன் தாயின் வாழ்க்கையை எழுதத் தொடங்கியபோது, பதினைந்து பேர் படத்தில் பலரும் பெயர் மறந்துவிட்ட ஒரு முகம் திரும்பக் கிடைத்தது.

இளையவர்கள் மூத்தவர்களிடம் கணக்குக் கேட்பது இட ஒதுக்கீட்டோடு முடிந்துவிடவில்லை. 2017 அக்டோபரில், பாலியல் தொல்லை கொடுத்தவர்கள் என்று பல பேராசிரியர்களின் பெயர்ப் பட்டியலை இளம் பெண்கள் வெளியிட்டார்கள். விவரமோ விசாரணையோ இல்லாமல் பெயரைப் போடுவது முறையல்ல, சட்ட வழியில் போங்கள் என்று மூத்த பெண்ணியவாதிகள் சிலர் அறிக்கை விட்டார்கள். அந்தச் சட்ட வழியைக் கட்டியவர்களே அவர்கள்தான். 1997-ன் விசாகா தீர்ப்பு, 2013-ன் சட்டம் எல்லாவற்றுக்கும் பின்னால் அவர்கள் உழைப்பு உண்டு. அந்த வழியில் போய்த்தான் ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள் இளையவர்கள். கேட்கவே கசப்பான வார்த்தைகள் பரிமாறப்பட்டன. பல வருட நட்புகள் முறிந்தன.

அந்தச் சண்டையில் இரு தரப்பும் அதிகம் நினைக்காத ஒரு பழைய சம்பவம் உண்டு. மகாராஷ்டிரத்தில் போலீஸ் நிலையத்தில் பலாத்காரம் செய்யப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண்ணின் வழக்கில் போலீஸ்காரர்களைச் சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. 1979-ல் லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தீர்ப்பு வந்த பிறகு நீதிபதிக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதுவது எந்த முறையிலும் சேர்ந்ததல்ல. அன்றைய பெரியவர்கள் பலருக்கு அது அடாவடியாகத்தான் பட்டிருக்கும். அந்தக் கடிதத்திலிருந்து கிளம்பிய கிளர்ச்சியில்தான் 1983-ல் பலாத்காரச் சட்டம் திருத்தப்பட்டது. முறை தவறிய ஒரு காரியம், முறை ஆனது. பட்டியல் போட்டது சரியென்று இதனால் ஆகிவிடாது. பெயர் தவறாகச் சேர்க்கப்பட்டவனுக்கு எங்கே முறையீடு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் சட்ட வழி என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல என்று மூத்தவர்கள் இளையவர்களிடம் சொல்லியிருக்கலாம். அன்று அதைச் சொன்னவர்கள் குறைவு.

மசோதாவுக்கு வருவோம். 2010 மார்ச் 9-ம் தேதி, பெரும் ரகளைக்கு நடுவே, ராஜ்யசபா அதை நிறைவேற்றியது. 186 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. லோக்சபாவுக்கு அது வரவே இல்லை. அப்போது கேப்டன் லட்சுமிக்கு 95 வயது, கான்பூரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2002-ல், எண்பத்தேழு வயதில், தோற்போம் என்று தெரிந்தே அப்துல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்றவர். 2012 ஜூலையில் இறந்தார்.

2023 செப்டம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மசோதா மீண்டும் வந்தது. லோக்சபாவில் 454 ஓட்டு ஆதரவு, 2 எதிர்ப்பு. எதிர்த்த இருவரும் பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு இல்லை என்பதற்காக எதிர்த்தவர்கள். ராஜ்யசபாவில் எதிர்ப்பே இல்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு மூன்று பெண்கள் லண்டனுக்குக் கப்பலேறிப் போய் வேண்டாம் என்றது, அனேகமாக ஏகமனதாகச் சட்டமானது. இதைக் கேட்டுப் போராடிய சுபாஷினிக்கு அப்போது 75 வயது.

சட்டத்துக்குள் ஒரு கொக்கி இருந்தது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, அதன்படி தொகுதி மறுவரையறை நடந்த பிறகே ஒதுக்கீடு அமலாகும் என்று எழுதியிருந்தார்கள். கூட இருக்கிற தொகுதிகளிலேயே உடனே கொடுத்தால் என்ன என்று இடதுசாரி மாதர் அமைப்புகள் கேட்டன. மறுவரையறை என்றாலே தென் மாநிலங்களுக்கு இடம் குறையுமோ என்ற பயம் வேறு. பெண்களின் பங்கு அந்தச் சண்டையோடு முடிச்சுப் போடப்பட்டது. 2024 தேர்தலுக்குச் சட்டம் உதவவில்லை. அந்தத் தேர்தலில் லோக்சபாவின் 543 இடங்களில் 74 பெண்கள் வென்றார்கள். அதற்கு முந்திய தேர்தலில் 78 பேர்.

ஒதுக்கீடு பதினைந்து ஆண்டுகளுக்கு என்றது சட்டம். நீட்டிக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் நீட்டிக்கலாம். ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஒவ்வொரு மறுவரையறைக்குப் பிறகும் சுழலும். ஒரு தொகுதியில் ஒரு பெண் காலூன்ற எத்தனை தேர்தல் கிடைக்கும் என்பது அந்தச் சுழற்சியைப் பொறுத்தது. வங்காளத்துக் கிராமங்களில் இரண்டு தேவைப்பட்டன.